மதுரையில ரீஃப் டேங்க் வைக்கிறவங்களுக்கு: பம்ப் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீஃப் டேங்க்னா கோரல், அதாவது பவளம், வளக்குற உப்புத் தண்ணி டேங்க். அத செட் பண்ண கிளம்புற எல்லாரும் லைட்டு, ஸ்கிம்மர் (அழுக்க நுரையா பிரிச்சு எடுக்கிறது), ராக்னு மண்டைய உடைச்சு காச எல்லாம் அங்க கொட்டிட்டு, பம்ப்னு வரும்போது பாக்கெட்ல மிச்சம் என்ன கிடக்கோ அதுக்கு ஒண்ண வாங்கிட்டு வர்றாங்க. வெயிலும் கரண்ட் கட்டும் சேந்து இருக்கிற நம்ம ஊர்ல இது சரிப்பட்டு வராது. மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும்ங்கிறது ரெண்டாவது விஷயம், கரண்ட் போனா ஓடுமா, தண்ணிய எவ்வளவு சூடாக்கும், இந்த ரெண்டையும் பாத்துட்டு அப்புறம் லிட்டர் கணக்குக்குப் போங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விய எல்லாம் ஒரே இடத்துல போட்டிருக்கேன், வரிசையா படிக்கணும்னு இல்ல.

ஃபில்டர்லயே ஒரு பம்ப் ஓடுதே, டேங்க்குள்ள அலை மாதிரி ஓட்டம் குடுக்கிற வேவ்மேக்கர்னு தனியா ஒண்ணு எதுக்குண்ணே?

ஃபில்டர் பம்ப்போட (ரிட்டர்ன் பம்ப்னும் சொல்லுவோம்) வேலை தண்ணிய சம்ப்புக்கும், அதாவது டேங்க்குக்கு அடில இருக்கிற ஃபில்டர் தொட்டிக்கும், டேங்க்குக்கும் நடுவுல சுத்த விடுறது, அம்புட்டுத்தான். கோரல் பாறைல ஒட்டி உக்காந்திருக்கிற உயிரு, மீன் மாதிரி சாப்பாட்டத் தேடிப் போகாது, தன்னோட கழிவ விட்டு விலகியும் போகாது, ரெண்டையும் தண்ணிதான் செஞ்சு குடுக்கணும். அதோட தோலை ஒட்டி மெல்லிசா ஒரு தண்ணிப் படலம் நகராம நிக்கும். ராத்திரி ஆக்சிஜன் உள்ள போறது, பகல்ல கோரலுக்குள்ள வாழுற பாசி உண்டாக்குற ஆக்சிஜன் வெளிய வர்றது, எல்லாமே அந்தப் படலத்தத் தாண்டித்தான் நடக்கணும். வெளிய ஓட்டம் நல்லா இருந்தா படலம் மெலிசாகும், ஓட்டம் செத்துப்போச்சுன்னா தடிச்சுப் போயிரும், அப்ப நீங்க எம்புட்டு காஸ்ட்லி லைட்டு போட்டாலும் கோரல் திணறும்.

ரெண்டு பம்ப்பும் உள்ளுக்குள்ள வேற வேற. ரிட்டர்ன் பம்ப் சின்ன வாய் வழியா அழுத்தத்தோட தண்ணிய மேல ஏத்துற மாதிரி செஞ்சது. வேவ்மேக்கர்ல ப்ரொப்பெல்லர் இருக்கும், அழுத்தம் கம்மி, ஆனா அகலமா நிறைய தண்ணிய நகத்தும், அதுக்குத் தின்னுற கரண்ட்டும் கம்மி. ரிட்டர்ன் பைப்போட வாய கோரலுக்கு நேரா வச்சு ஓட்டத்துக்கு ஓட்டமும் ஆச்சுன்னு விட்டீங்கன்னா அந்த ஊசித் தண்ணி சதையக் கிழிச்சுரும்.

என் டேங்க்குக்கு எத்தனை லிட்டர் பம்ப் வேணும்?

நம்ம ஊர்ல டேங்க் எல்லாம் அடிக்கணக்குலதான் செய்யச் சொல்றோம், அதனால அடிலயே போடுவோம். நீளம், அகலம், உயரம் மூணையும் அடில பெருக்கி, வர்றத 28.3 ஆல பெருக்கினா லிட்டர். நாலடி நீளம், ஒண்ணரை அகலம், ஒண்ணரை உயரம்னா 9 கன அடி, 255 லிட்டர். மேல விடுற இடம், பாறை, மணல் எல்லாம் கழிச்சா 200, 210 லிட்டர் தண்ணிதான் நிக்கும், கணக்க அதுல போடுங்க.

மஷ்ரூம், லெதர், ஸோவான்தஸ் மாதிரி சாஃப்ட் கோரலுக்கு மணிக்கு 10 முதல் 20 மடங்கு பொதுவா சொல்றது. எல்பிஎஸ்னு சொல்ற பெரிய பாலிப் (பூ மாதிரி விரியுற வாய்) ஹார்ட் கோரலுக்கு 20, 30. கிளை கிளையா வளர்ற சின்ன பாலிப் ஹார்ட் கோரல், எஸ்பிஎஸ்ஸுக்கு 40, அதுக்கு மேலயும் போவாங்க. அப்ப நம்ம 200 லிட்டர் சாஃப்ட் கோரல் டேங்க்குக்கு 2,000 முதல் 4,000 லிட்டர் வேவ்மேக்கர் ஓட்டம் போதும். கடைல 12,000 லிட்டர் ஒண்ணு ஆஃபர்ல இருக்குன்னு தூக்கிட்டு வந்தா, மணல் எல்லாம் ஒரு மூலைக்குப் போய் குவிஞ்சு அடிக் கண்ணாடி தெரியும்.

இந்த மடங்குக் கணக்கு ஆரம்பப் புள்ளிதான், சட்டம் கிடையாது. பாறைய சுவரு மாதிரி பின்னாடி அடுக்கினவருக்கும் நடுவுல ரெண்டு குன்றா நிறுத்தினவருக்கும் ஒரே டேங்க் சைஸ்லயே வேற வேற பம்ப் வேணும். வெளிநாட்டு ஆளுங்க எழுதுனதப் பாத்து கணக்குப் போட்டீங்கன்னா அவங்க கேலன்ல சொல்லுவாங்க, அமெரிக்க கேலன் ஒண்ணுக்கு 3.785 லிட்டர்.

டப்பால போட்டிருக்கிற லிட்டர் கணக்க நம்பலாமா?

நல்ல கம்பெனினா ஓரளவுக்கு. பேரு தெரியாத டப்பான்னா பாதியா எடுத்துக்கங்க. ப்ரொப்பெல்லர் பம்ப்ப அளக்குறதுக்கு எல்லாரும் ஒரே முறைய வச்சிருக்கல, பம்ப் வழியா போற தண்ணிய மட்டும் எண்ணுறவங்களும் இருக்காங்க, அது பக்கத்துத் தண்ணிய இழுத்துட்டுப் போறதையும் சேத்து எண்ணுறவங்களும் இருக்காங்க. நான் முதல்ல பாக்குறது வாட்ஸ். 3 வாட்ல 12,000 லிட்டர்னு போட்டிருந்தா சிரிச்சுட்டு அங்கயே வச்சுட்டு வந்துருங்க.

மண்டபம் பக்கம் கரைல உயிரோட கோரல் கிடைக்குதாமே, எடுத்துட்டு வந்து வளக்கலாமா?

கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல 2001லயே ஹார்ட் கோரல், கறுப்புக் கோரல், சீ ஃபேன், ஃபயர் கோரல், ஆர்கன் பைப் எல்லாத்தையும் சேத்துட்டாங்க, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் இருக்கிற 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, அங்க கை வச்சா வனத்துறை கேஸ்தான். "செத்த கோரல்தானே, பாறைக்கு ஆகும்"னு எடுக்கிறதும் அதே கேஸ்.

பம்ப் பத்திப் பேசுற இடத்துல இது எதுக்குன்னா, என்ன கோரல்னு முடிவு பண்ணாம ஓட்டத்த முடிவு பண்ண முடியாது. பேப்பர் இல்லாம யாராவது ஹார்ட் கோரல் தர்றேன்னா வாங்காதீங்க, சாஃப்ட் கோரல், ஸோவான்தஸ், மஷ்ரூம்னு ஆரம்பிங்க, அதுக்கே ஒரு டேங்க் பத்தாது. அதுனால 40 மடங்கு ஓட்டம்னு எங்கயாவது படிச்சுட்டு பயந்து பெரிய பம்ப்புக்குப் போகவும் வேணாம்.

எந்தக் கோரலுக்கு எவ்வளவு ஓட்டம்?

மஷ்ரூமுக்கு கம்மி, வேகமா அடிச்சா சுருங்கி, ஒருநாள் பாறைய விட்டுட்டு கிளம்பிரும். ஸோவான்தஸுக்கு நடுத்தரம், நடுவுல அழுக்கு தங்காத அளவுக்கு. ஜிஎஸ்பினு சொல்ற பச்சைப் புல்லுக்கு நல்லா வேணும். லெதர் கோரல் கொஞ்சம் விசேஷம்: அது அப்பப்ப பாலிப்ப உள்ள இழுத்துக்கிட்டு மேல மெழுகு தடவுன மாதிரி ஒரு தோல் போடும், சில நாள் கழிச்சு அந்தத் தோல உரிக்கும். பாத்தவங்க செத்துப்போச்சுன்னு பதறுவாங்க. சாகல, அது குளிக்குது. ஆனா அந்தத் தோல் கழண்டு போறதுக்கு ஓட்டம் இருக்கணும், இல்லேன்னா அது மேலயே கிடந்து அழுக ஆரம்பிக்கும். அந்த ஒரு வாரம் பம்ப்ப கொஞ்சம் ஏத்தி விடுங்க.

ஒரு பெரிய பம்ப்பா, ரெண்டு சின்னதா?

ரெண்டு சின்னது. மூணடிக்கு மேல இருக்கிற டேங்க்குக்கு இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடும், அதுவும் நீங்க ஊருக்குப் போயிருக்கிற அன்னைக்குத்தான் நிக்கும். ரெண்டு பக்கமிருந்தும் வர்ற ஓட்டம் நடுவுல மோதி உடையும்போதுதான் கோரலுக்குப் பிடிச்ச மாதிரி கலைஞ்ச ஓட்டம் கிடைக்கும்.

எங்க மாட்டணும்?

பாம்பன் பாலத்து மேல வேற வேற மாசத்துல நின்னு பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் விரிகுடாப் பக்கம் அசையாம கிடக்கும், வடகிழக்குப் பருவம் வந்தா அப்படியே மாறும். கடல்ல எந்தக் கோரலும் ஒரே திசைல இருந்து வருஷம் முழுக்க அடி வாங்குறது இல்ல, அலை அங்கிட்டும் இங்கிட்டும் போயிட்டு வரும், காத்து மாறும், ஓதம் மாறும். டேங்க்ல நாமதான் ஒரே இடத்துல பம்ப்ப மாட்டி ஒரே பக்கமா அடிச்சுட்டே இருக்கோம், அதுல கோரலோட ஒரு பக்கம் மழுங்கி, மறு பக்கம் அழுக்கு படிஞ்சு போகுது.

அதனால எதுவும் கோரலுக்கு நேரா அடிக்கக் கூடாது. ரெண்டு சைடு கண்ணாடிலயும் ஒவ்வொண்ணு, மேல மூணுல ஒரு பங்கு உயரத்துல, முன் கண்ணாடியோட நடுவப் பாத்து லேசா மேல தூக்கின மாதிரி வைங்க. ஓட்டம் கண்ணாடில பட்டு உடைஞ்சு திரும்பும். மேல் தண்ணி நல்லா குலுங்கணும், ஏன்னா ஆக்சிஜன் ஏறுறது பெரும்பாலும் அந்த மேல்பரப்புலதான். கன்ட்ரோலர் இருந்தா ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்குற மாதிரி வச்சிருங்க, ராத்திரி கொஞ்சம் குறைங்க, ஆனா நிறுத்தாதீங்க.

மாட்டிட்டு ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. ஊற வச்ச ஆர்ட்டீமியாவ (மீன் தீனியா போடுற குட்டி இறால் மாதிரி உயிரு) ஒரு சொட்டு ஒரு மூலைல விட்டுட்டு ஒரே ஒரு துணுக்க மட்டும் கண்ணால தொடருங்க. அது பாறைக்குப் பின்னாடி போய் வெளிய வருதா, இல்ல எங்கயாவது ஒரு குழில இறங்கி அப்படியே படுத்துருதா? படுத்துச்சுன்னா அந்த இடத்துலதான் மீன் கழிவும் போய்ப் படுக்குது, கொஞ்ச நாள்ல அங்க செவப்பா வழுவழுன்னு சயனோ பாக்டீரியா விரிக்கும். பம்ப்ப ஒரு இஞ்ச் நகத்தி, கோணத்த மாத்தி, திரும்ப விடுங்க. புது பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி இத ஒரு சாயங்காலம் உக்காந்து செஞ்சா பாதிப் பேருக்கு புது பம்ப்பே தேவைப்படாது.

ஏசி பம்ப்பா, டிசி பம்ப்பா?

காசு இருந்தா டிசி, யோசிக்கவே வேணாம். வேகத்தக் கூட்டலாம் குறைக்கலாம், சூடு கம்மி, சாப்பாடு போடும்போது பத்து நிமிஷம் நிறுத்துற பட்டன் இருக்கும். அதுக்கு மேல, 24 வோல்ட்ல ஓடுறதுனால தண்ணிக்குள்ள 230 வோல்ட் போகாது. ஏசி பம்ப் விலை கம்மி, கன்ட்ரோலர் இல்லாததுனால கெட்டுப்போறதுக்கு அதுல பார்ட்டும் கம்மி, அது ஒண்ணுதான் அதுக்கு நான் குடுக்கிற மார்க். விலை மலிவான ஏசி வேவ்மேக்கர் சிலது ஒவ்வொரு தடவ ஆன் ஆகும்போதும் எந்தப் பக்கம் சுத்தும்னு அதுக்கே தெரியாது, தலைகீழா சுத்துனா ஓட்டமே வராது, சத்தம் மட்டும் வரும்.

டிசி வாங்குறவங்க கடைலயே ஒண்ணு செக் பண்ணணும். ஓடிட்டு இருக்கும்போது ப்ளக்க புடுங்கிட்டு திரும்ப சொருகுங்க. பழைய வேகத்துல தானா ஓட ஆரம்பிக்குதா? சிலது பட்டன அமுக்கினாத்தான் கிளம்பும். நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது வீட்ல கரண்ட் ரெண்டு நிமிஷம் போயிட்டு வந்தா யாரு வந்து அமுக்குறது?

கரண்ட் போனா என்ன ஆகும்? எத்தனை மணி நேரம் தாங்கும்?

மீனும் கோரலும் நெருக்கமா இருக்கிற டேங்க்ல, சூடான நாள்ல, எல்லா பம்ப்பும் நின்னா ஒரு மணி நேரத்துலயே மீன் மேல வந்து வாயப் பொளக்க ஆரம்பிக்கலாம். கடல் தண்ணி 25 டிகிரில லிட்டருக்கு 6.75 மில்லிகிராம் கிட்ட ஆக்சிஜன் புடிக்கும், 30 டிகிரில 6.2 தான். தண்ணி சூடாக சூடாக மீனுக்குத் தேவை கூடும், கையிருப்பு குறையும். மாதாந்திரப் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்தி சாயங்காலம் 5 மணிக்கு விடுவாங்களே, அந்த நாளுதான் நம்ம டேங்க்குக்குப் பரீட்சை. எந்த ஏரியாவுக்கு என்னைக்குன்னு பேப்பர்ல முன்கூட்டியே வரும், அதப் பாக்குற பழக்கம் வச்சுக்கங்க.

வழி ரொம்ப சிம்பிள். வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா வேவ்மேக்கர் ஒண்ண அந்த லைன்ல சொருகுங்க. 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி, கணக்குக்கு 1,800 வாட் அவர், நஷ்டம் எல்லாம் போக ஆயிரம்னே வச்சுக்கங்க. 15 வாட் பம்ப் எட்டு மணி நேரம் ஓடினா 120 தான். வீட்டு ஃபேன் ரெண்டு ஓடினா தின்னுறதுக்குப் பக்கத்துல இது ஒண்ணுமே இல்ல. ரிட்டர்ன் பம்ப்பையும் சேத்துப் போடலாம். தண்ணிய குளிர வைக்கிற சில்லர மட்டும் போடாதீங்க, அது பேட்டரிய உறிஞ்சிரும்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு, கரண்ட் போனா தானா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம். அது கோரலுக்கு ஓட்டம் தராது, மீன் சாகாம பாத்துக்கும்.

எங்க வீட்ல பழைய இன்வெர்ட்டர், அதுல பம்ப் போட்டா உய்ய்னு சத்தம் வருது?

அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருக்கும். ஏசி பம்ப்புக்கு அந்தக் கரண்ட் ஒத்துக்காது, முனகும், சூடாகும், ஆயுசு குறையும். டிசி பம்ப்போட அடாப்டர் பெரும்பாலும் அத சமாளிச்சுரும். புதுசா வாங்குறதா இருந்தா ப்யூர் சைன் வேவ்னு கேட்டு வாங்குங்க.

பம்ப்பே தண்ணிய சூடாக்குமா?

ஆக்கும், அதுவும் நல்லாவே. தண்ணிக்குள்ள முங்கி ஓடுற பம்ப் எத்தனை வாட் எடுக்குதோ கடைசில அது அம்புட்டும் சூடாத்தான் தண்ணில இறங்கும். 50 வாட்னா, வெளிய சூடே போகலைன்னு வச்சுக்கிட்டா, 200 லிட்டர் தண்ணிய மணிக்கு 0.2 டிகிரி கிட்ட ஏத்தும். மேல்பரப்புலயும் கண்ணாடிலயும் சூடு வெளிய போறதுனால டிசம்பர்ல இது தெரியாது. கத்திரி வெயில்ல ரூமே 36 டிகிரில இருக்கும்போது சூடு வெளிய போக இடமே இல்ல, அப்ப ஒவ்வொரு வாட்டும் சில்லர் தலைலதான் விழும். கோரலுக்கு 24ல இருந்து 27 வரைக்கும் சுகம், 30 தாண்டி நின்னுச்சுன்னா வெளுக்க ஆரம்பிக்கும்.

அதனால மதுரைல பம்ப் வாங்கும்போது எல்லா பம்ப்போட வாட்ஸையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டுங்க: ரிட்டர்ன், ஸ்கிம்மர், வேவ்மேக்கர், சில்லருக்குத் தனியா ஓடுற பம்ப். பழைய ஏசி பம்ப் செட்ல அது 120, 130 வரும், அதே வேலைய டிசில 60ல முடிக்கலாம். மோட்டார் கண்ணாடிக்கு வெளிய நிக்கிற மாதிரி ஈகோடெக் கம்பெனி வோர்டெக்னு ஒரு பம்ப் செஞ்சாங்க, அதுல சூட்டோட பெரும்பகுதி வெளியவே போயிரும், விலையும் அதுக்கேத்த மாதிரி கண்ணக் கட்டும். சில்லர் வாங்க முடியாதவங்க மேல்பரப்புல ஃபேன் விடுவாங்க, ரெண்டு மூணு டிகிரி இறங்கும், தண்ணி வத்தும், வத்துறதுக்கு ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும், போர் தண்ணி ஊத்துனீங்கன்னா அதுல இருக்கிற உப்பெல்லாம் டேங்க்லயே சேந்துட்டே போகும்.

ரிட்டர்ன் பம்ப் 3,000 லிட்டர்னு வாங்குனேன், பாதி கூட வரல?

டப்பால இருக்கிறது உயரமே ஏத்தாம இருந்தா வர்ற கணக்கு. பக்கத்துலயே ஹெச் மேக்ஸ் 3 மீட்டர்னு இருக்கும் பாருங்க, அதுக்கு அர்த்தம் 3 மீட்டர் உயரத்துல ஒரு சொட்டும் வராதுன்னு. ஸ்டாண்டுக்கு அடில சம்ப்ல இருந்து டேங்க் விளிம்பு வரைக்கும் நாலரை அடி, அதாவது 1.4 மீட்டர் கிட்ட ஏறுது, அதுலயே பாதி போச்சு. மிச்சத்த எல்போ தின்னுது. ப்ளம்பர் அண்ணே கைல இருக்கிற அரை இஞ்ச் பைப்ப வச்சு நாலு எல்போ போட்டு முடிச்சுட்டுப் போயிருவாரு, நீங்க நின்னு முக்கால் இஞ்ச்சோ ஒரு இஞ்ச்சோ போட வைங்க, வளைவுக்கு முடிஞ்ச வரைக்கும் ஹோஸே போடுங்க.

சம்ப் வழியா மணிக்கு மூணுல இருந்து அஞ்சு மடங்கு போனா போதும், சில்லர் அந்த லைன்லயே இருந்தா சில்லர் மேல எழுதியிருக்கிற ஓட்டத்துக்கு ஒத்து வருதான்னு பாருங்க. கோரலுக்கான ஓட்டத்த ரிட்டர்ன்ல தேடாதீங்க. ஓட்டம் ஜாஸ்தியா இருந்தா வால்வ வெளிய போற பக்கம்தான் குறைக்கணும், உள்ள இழுக்குற பக்கம் அடைச்சா பம்ப் கத்தும்.

கரண்ட் போனப்ப சம்ப் நிறைஞ்சு தரையெல்லாம் தண்ணி. ஏன்?

பம்ப் நின்ன உடனே ரிட்டர்ன் பைப் வழியாவே தண்ணி கீழ இழுக்க ஆரம்பிக்கும், பைப்போட வாய் எம்புட்டு ஆழத்துல இருக்கோ அது வரைக்கும் இறங்கும். பைப்ல தண்ணி மட்டத்துக்கு ஒட்டி கீழ ஒரு சின்ன ஓட்டை போடுங்க, மட்டம் அது கீழ இறங்கினதும் காத்து புகுந்து இழுப்பு அறுந்துரும். அந்த ஓட்டை பாசி அடைக்கும், வாரம் ஒருக்கா ஊக்கால குத்தி விடுங்க. நான்-ரிட்டர்ன் வால்வ மட்டும் நம்பிராதீங்க, சுண்ணாம்பு புடிச்சா அது முழுசா மூடாது. எல்லாம் மாட்டி முடிச்சதும் நீங்களே சுவிட்ச நிறுத்தி, சம்ப் எது வரைக்கும் ஏறுதுன்னு பாத்து மார்க்கர்ல ஒரு கோடு போட்டுருங்க, அதுக்கு மேல என்னைக்கும் தண்ணி ஊத்தக்கூடாது.

ஏர் கூலர் பம்ப் சல்லிசா கிடைக்குதே, அதப் போட்டா?

வேணாம். அது நல்ல தண்ணிக்கு, அதுவும் சீசனுக்கு ஓடுறதுக்கு செஞ்சது. உப்புத் தண்ணில அதோட இரும்பு ஷாஃப்ட் துருப்புடிக்கும், சீல் விட்டுச்சுன்னா உள்ள இருக்கிற செம்புக் கம்பில உப்புத்தண்ணி படும். செம்பு துளி இருந்தாலும் கோரல், நத்தை, இறால் எல்லாத்துக்கும் விஷம். கூடவே தண்ணில கரண்ட் பாயும். ஷாஃப்ட் செராமிக்கா இருக்கணும், உப்புத் தண்ணிக்கு ஏத்ததுன்னு டப்பால எழுதியிருக்கணும், இது ரெண்டும் இல்லாத எதையும் டேங்க்குள்ள விடாதீங்க.

ஷாக் அடிக்குமா?

ஏசி பம்ப்போட ஒயர் விரிஞ்சா அடிக்கும், உப்புத் தண்ணி கரண்ட்ட நல்லா கடத்தும். கரண்ட் கசிஞ்சா தானா அறுத்து விடுற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி போட்ட லைன்லதான் டேங்க் ஓடணும், எர்த் சரியா இருக்கணும். ஒயர் ப்ளக்குக்குப் போறதுக்கு முன்னாடி கீழ தொங்கி மேல ஏறட்டும், தண்ணி வழிஞ்சு வந்தா அந்தத் தொங்கல்ல சொட்டிரும். கைய விடுறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணுங்க. வீட்ல புள்ளைங்க இருந்தா இதுல சமாதானமே கிடையாது.

அமெரிக்கால இருந்து மச்சான் பம்ப் கொண்டாந்தாரு, இங்க ஓடுமா?

டிசி பம்ப்பா இருந்து அடாப்டர்ல 100-240 வோல்ட்னு போட்டிருந்தா பின்ன மட்டும் மாத்திட்டு ஓட்டுங்க. 110 வோல்ட் ஏசி பம்ப்ப நேரா சொருகுனீங்கன்னா அன்னைக்கே கதை முடிஞ்சுது. ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டாலும், அங்க 60 ஹெர்ட்ஸ், இங்க 50, அதனால ஆறுல ஒரு பங்கு வேகம் குறைஞ்சுதான் சுத்தும்.

அனிமோன் இருக்கு, பம்ப்ல மாட்டிக்குமா?

மாட்டும். அனிமோன் (பூ மாதிரி இருக்கிற கடல் உயிரு) இடம் புடிக்கலேன்னா நடக்கும், ராத்திரில நடந்து பம்ப் கிட்ட போகும், காலைல பாத்தா துண்டு துண்டா கிடக்கும், அது செத்து அழுகுனா டேங்க்ல மத்ததும் தப்பாது. புதுசா விட்டு ஒரு இடத்துல ஊண்டி உக்கார்ற வரைக்கும் பம்ப்ப குறைச்சு, கூண்டுக்கு மேல பெரிய ஓட்டை ஸ்பாஞ்ச் மாட்டி வைங்க. ஸ்பாஞ்ச் ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழுவணும், அடைச்சா பம்ப் சூடாகும்.

பம்ப்ப எப்ப, எப்படி கழுவுறது?

மூணு மாசத்துக்கு ஒருக்கா, கோடைல ரெண்டு மாசத்துக்கே பாருங்க. வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி, இல்லேன்னா வெதுவெதுப்பான தண்ணில சிட்ரிக் ஆசிட் பவுடர் ஒரு லிட்டருக்கு ரெண்டு மூணு ஸ்பூன், ஒரு பக்கெட்ல போட்டு பம்ப்ப அதுலயே ஒரு மணி நேரம் ஓட விடுங்க. ஊதாக் கலர்ல கல்லு மாதிரி புடிச்சிருக்கிற கோரலைன் பாசி நுரைச்சு நுரைச்சுக் கழலும். அப்புறம் முன் கூண்டத் திருகிக் கழட்டி, ப்ரொப்பெல்லர இழுத்து எடுங்க. பின்னாடி காந்தம், அது நடுவுல வெள்ளைக் குச்சியா செராமிக் ஷாஃப்ட். இந்த ஷாஃப்ட்டு பாக்க கெட்டியா இருக்கும், கீழ விழுந்தா சாக்பீஸா உடையும், அதனால துணி விரிச்சு உக்காந்து செய்ங்க. காந்தம் போற குழிக்குள்ள பழைய டூத் ப்ரஷ்ஷ விட்டுத் தேய்ங்க, உள்ள நிக்கிற மணல் துகள்தான் நாளைக்கு காந்தத்த அரிக்கப் போறது.

இதுல ஒண்ணு ரொம்ப முக்கியம், காந்தத்து மேல இருக்கிற பூச்ச வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க, கண்ணாடியோட பம்ப்ப சேத்துப் புடிச்சிருக்கிற காந்தத்தோட உள்பக்கத் துண்டையும் பாருங்க. எங்கயாவது மயிரிழை அளவுக்கு விரிசல், அதுல பழுப்பா ஒரு கோடு, இல்ல ஒரு பக்கம் லேசா உப்பி இருந்தா அது உள்ள துரு புடிச்சு வீங்குது. அத திரும்ப டேங்க்ல விடாதீங்க. ஆசிட்ல ஊறினத நல்ல தண்ணில ரெண்டு தடவ அலசிட்டு மாட்டுங்க.

கரகரன்னு சத்தம், ராத்திரி தூங்க முடியல?

புதுசுன்னா ஒரு வாரம் பொறுங்க, தானா அடங்கும். பழசுன்னா கழுவுங்க. கழுவியும் போகலேன்னா ஷாஃப்ட்டோ ரப்பர் புஷ்ஷோ தேஞ்சிருக்கும். பம்ப் மேல்பரப்புக்கு ரொம்ப பக்கத்துல இருந்து சுழல் வழியா காத்த இழுத்தாலும் இதே சத்தம்தான், ஒரு இஞ்ச் கீழ இறக்குனா போயிரும்.

மணல் பறக்குது, என்ன பண்ண?

பம்ப்ப மேல தூக்குங்க, கோணத்த மேல் பக்கமா திருப்புங்க. அப்பவும் பறந்தா மணல் ரொம்ப நைஸ், ஒண்ணுல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் அரகோனைட் மணலுக்கு மாறுங்க.

கரண்ட் பில்லு எகிறுமா?

40 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினா ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி, நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங், அப்ப 58 யூனிட். பம்ப்பால மட்டும் யாருக்கும் பில்லு எகிறாது, சில்லரும் சேந்து உங்கள 500 யூனிட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுனா ஸ்லாப் மாறி அப்பத்தான் வலிக்கும். பம்ப் வாட்ஸ குறைச்சா சில்லர் ஓடுற நேரமும் குறையும், மிச்சம் ரெண்டு பக்கமும் வரும்.

எந்த கம்பெனி வாங்கலாம்?

டுன்ஸே ஜெர்மனி, சிசே இத்தாலி, ரெண்டும் வருஷக்கணக்கா உழைக்கும், பார்ட்டு கிடைக்க கொஞ்சம் அலையணும். ஜெபாவோ சைனா, விலைக்கு நல்ல சரக்கு, நம்மாளுங்க பாதிப் பேரு டேங்க்ல அதுதான் ஓடுது. எது வாங்கினாலும் கண்ணாடி தடிமனச் சொல்லி வாங்குங்க, 8 மில்லிமீட்டருக்கு செஞ்ச காந்தம் 12ல நிக்காம நடு ராத்திரி வழுக்கி மணல்ல விழும். ரப்பர் கப் வச்சது வேணவே வேணாம், சூட்டுல இறுகிப் போய் புடிப்பு விட்டுரும்.

அதே பம்ப்புக்கு ப்ரொப்பெல்லர் செட்டு தனியா விக்கிறாங்களான்னு கேட்டு, பம்ப் வாங்குற அன்னைக்கே ஒண்ணு சேத்து வாங்கி வச்சுருங்க. நம்ம ஊர் கடைல அது இருக்காது, சென்னை கொளத்தூர் மீன் கடைகள்ல சொல்லி ஆம்னி பஸ்ல ஏத்தி விட்டா மறுநாள் காலைல மாட்டுத்தாவணில போய் எடுத்துக்கலாம், ஆனா அதுவும் அவங்ககிட்ட ஸ்டாக் இருந்தாத்தான்.